இழுப்பதைவிடப் பார்ப்பது பெரிது

"சார், காந்தத்த ஒடம்புக்கு வெளிய வச்சா மருந்து நேரா கட்டிக்குப் போயிருமாமே, நெசமா?"

ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் வேதியியல் வாத்தியாராக இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. படத்தில் ஒருவர் படுத்திருக்கிறார், மார்புக்கு மேலே பெரிய காந்தம், உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் வரிசையாக ஓடிப்போய்க் கட்டியில் ஒட்டிக்கொள்கின்றன. கேட்கிறவர்களில் பலர் வீட்டில் யாருக்காவது கேன்சர் இருக்கும். அவர்களுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனசு வராது. அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

அந்த உருண்டைகள் நிஜமானவை. நுண்துளைகள் நிறைந்த காந்த நானோ துகள்கள் என்று அவற்றைச் சொல்லலாம். நடுவில் இரும்பு ஆக்சைடு, சுற்றிலும் துளை துளையாகச் சிலிக்கா, துளைக்குள் மருந்து. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதைச் செய்கிறார்கள். ஆனால் காந்தம் வைத்து மருந்தை இழுப்பதை இதன் முக்கியமான பயனாக எல்லோரும் நினைப்பதுதான் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த இரும்பு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடிகிறதே, அதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். இப்படி நினைக்க எனக்குக் காரணம் உண்டு.

என் சித்தி பாசி எடுக்கிறவர். இந்தக் கரைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் கடல்பாசியைக் கையால் பிய்த்து எடுக்கும் வேலை. செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாறையும் சிப்பியும் கிழிக்காமலிருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். இடுப்பில் வலைப்பை, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சைப் பிடித்துக் கீழே போய், ஒரு கையால் பாறையைப் பற்றிக்கொண்டு மறு கையால் பறிக்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி குட்டையாக, பாறையோடு பாறையாக இருக்கும். கட்டக்கோரை நீளமாக அலையும். இரண்டு கையும் வலுவாக இருந்தால்தான் இந்தத் தொழில்.

சித்திக்கு மார்பில் கட்டி வந்தது. கட்டி பெரிதாக இருந்ததால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு அப்புறம் ஆபரேஷன் என்று முடிவானது. 21 நாளைக்கு ஒரு தடவை மதுரை. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு அந்தப் பயணம் தெரியும், அதிலும் திரும்பி வருவது.

அவருக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று டாக்சோரூபிசின். ரோஸ் மில்க்கைவிடச் சிவப்பாக இருக்கும். போட்ட பிறகு ஒன்றிரண்டு நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும். வேகமாகப் பிரியும் செல்களின் டி.என்.ஏ.வில் போய்ச் செருகிக்கொண்டு அவை மேலும் பிரியாமல் தடுப்பது இதன் வேலை. புற்றுச் செல் மட்டும் வேகமாகப் பிரிவதில்லையே. முடியின் வேரும், வாயின் உள்தோலும், குடலும், எலும்பு மஜ்ஜையும் பிரிகின்றன. எல்லா இடத்திலும் இந்த மருந்து போய் அடிக்கிறது. இதயத் தசையையும் கெடுக்கும். அதனால்தான் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டுப் போடுகிறார்கள். ஒரு மனிதருக்கு வாழ்நாளில் மொத்தமாக இவ்வளவுதான் தரலாம் என்று இந்த மருந்துக்கு வரம்பே வைத்திருக்கிறார்கள்.

ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒரு ராத்திரி சித்தி கேட்டார்: "ஏய்யா, இம்புட்டு மருந்த ஏத்துறாகளே, அது அங்க போயிச் சேந்துச்சான்னு இவுகளுக்கு எப்புடித் தெரியும்?"

தெரியாது என்பதுதான் அதற்குப் பதில். இரண்டு மூன்று முறை கொடுத்த பிறகு கட்டியைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, சுருங்கியிருந்தால் போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். சுருங்கவில்லை என்றால் மருந்து கட்டிக்குள் போகவே இல்லையா, போயும் வேலை செய்யவில்லையா என்று பிரித்துச் சொல்ல வழி கிடையாது. இந்தக் கேள்வி மனசில் கிடந்ததால்தான் துகள்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

துகளின் நடுவில் இருக்கும் இரும்பிலிருந்து தொடங்குகிறேன். காரைக்குடியில் எம்.எஸ்சி. படித்தபோது இதை என் கையால் செய்திருக்கிறேன். இரண்டு வகை இரும்புக் குளோரைடு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தண்ணீரில் கரைத்தால் ஆரஞ்சு நிறக் கரைசல் கிடைக்கும். நைட்ரஜன் வாயுவை உள்ளே விட்டுக்கொண்டே அம்மோனியாவைச் சொட்டவிட்டால் அந்த நொடியிலேயே கரைசல் மை மாதிரி கறுத்துவிடும். அந்தக் கறுப்புதான் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. பீக்கரின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் கறுப்பு முழுவதும் அந்தப் பக்கச் சுவரில் போய் அப்பிக்கொள்ளும், மீதித் தண்ணீர் தெளிந்து நிற்கும். காந்தத்தை எடுத்துவிட்டு ஒரு ஆட்டு ஆட்டினால் மறுபடி கலைந்து பரவிவிடும்.

இந்தக் கடைசிப் பகுதியில்தான் மருத்துவத்துக்கான சூட்சுமம் இருக்கிறது. ஆணியைக் காந்தத்தில் தேய்த்தால் ஆணியும் காந்தமாகி அப்படியே இருந்துவிடும். மேக்னடைட்டை ஏறத்தாழ 20 நானோமீட்டருக்கும் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒன்று நானோமீட்டர்) கீழே சிறிதாக்கினால் அது அப்படி நிற்காது. வெளியே காந்தம் இருக்கும்வரை இதுவும் காந்தம், எடுத்ததும் ஒன்றுமில்லை. அறை வெப்பமே அதன் காந்தத் திசையை அலைக்கழித்துச் சராசரியாகப் பூஜ்யமாக்கிவிடும். அப்படி இல்லாமல் துகள்கள் நிரந்தரக் காந்தங்களாக இருந்தால் ரத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டி நாளத்தை அடைத்துவிடும். யாரும் ஊசியில் ஏற்றத் துணியமாட்டார்கள்.

அடுத்தது துளை. 1992-இல் மொபில் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எம்.சி.எம்.-41 என்ற சிலிக்காவை வெளியிட்டார்கள். சோப்பு மாதிரியான ஒரு வேதிப்பொருள் தண்ணீரில் குச்சி குச்சியாக அடுக்கிக்கொள்ளும். அந்தக் குச்சிகளைச் சுற்றிச் சிலிக்காவைப் படியவிட்டு, பிறகு சோப்பை மட்டும் நீக்கிவிட்டால் இரண்டு மூன்று நானோமீட்டர் அகலத்தில் ஒரே சீரான துளைகள் மிஞ்சும். அவர்கள் இதைச் செய்தது பெட்ரோலிய வேலைக்காக. ஒன்பது வருஷம் கழித்து, 2001-இல், மாட்ரிட்டில் மரியா வாயெட் ரெகியின் குழு அந்தத் துளைகளில் இபுப்ரோஃபென் மாத்திரை மருந்தை ஏற்றி, அது மெதுவாக வெளியே வருவதைக் காட்டியது. அதற்குப் பிறகுதான் மருந்துத் துறை இந்தப் பக்கம் திரும்பியது.

இந்தத் தூள் ஒரு கிராம் எடுத்தால் அதன் உட்சுவர்களின் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரை வரும். நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட். ஒரு வீட்டுமனை இல்லை, நாலைந்து வீட்டுமனை. அவ்வளவு சுவரிலும் மருந்து ஒட்டலாம். நடுவில் இரும்பை வைத்தால் எடை கூடி, கிராமுக்கு இந்தப் பரப்பு குறையும். ஆனாலும் மருந்து ஏற்றத் தாராளமாக இடம் இருக்கும்.

இரும்பையும் துளையையும் ஒரே துகளில் சேர்த்ததுதான் அடுத்த படி. 2008-இல் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் டேக்வான் ஹியோனின் குழு, மேக்னடைட் மணி ஒன்றைச் சுற்றித் துளைச் சிலிக்கா ஓடு கட்டி, அதிலேயே டாக்சோரூபிசினை ஏற்றியது. அதே துகளை எம்.ஆர்.ஐ.யிலும் பார்க்கலாம் என்று காட்டியது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஷோஹெங் சுன் குழு சிலிக்காவே இல்லாமல், இரும்பு ஆக்சைடையே உள்ளீடற்ற துளை உருண்டையாகச் செய்து சிஸ்பிளாட்டின் என்ற புற்றுமருந்தை அடைத்தது. அமிலம் பட்டால் அதன் துளைகள் அரித்து அகலமாகி மருந்து வெளியே வரும்.

அமிலத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. புற்றுக்கட்டி சுற்றியுள்ள திசுவைவிடச் சற்று அமிலமாக இருக்கும். செல் ஒரு துகளை விழுங்கினால் அதைக் கொண்டுபோய்ப் போடும் செரிமானப் பை இன்னும் அமிலம், அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் ஐந்துக்குப் பக்கத்தில். அதனால் ரத்தத்தில் மூடியிருந்து அமிலத்தில் திறக்கும் கதவை எப்படிச் செய்வது என்பதில் எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று நம் கரைக்கு நெருக்கமானது. இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் எடுக்கும் கைட்டோசான் அமிலத்தில் கரையும், சாதாரணத் தண்ணீரில் கரையாது. அதைத் துளைகளின் மேல் பூசிவிட்டால் பூச்சே கதவாகிவிடும். கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையும் இரும்புத் துகளுக்குப் பூச்சாக்கிப் பார்க்கிறார்கள், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தண்ணீரில் நிற்பதற்காக. சித்தியிடம் இதைச் சொன்னேன். "அதுக்குத்தான் கட்டக்கோரைய ஏவாரி அம்புட்டு வாங்குறானா" என்றார். அதுக்கில்லை சித்தி, இப்போதைக்குப் பெரும்பகுதி துணிச் சாயத்துக்கும் உணவுக்கும்தான் போகிறது என்றேன்.

இனி வாட்ஸ்அப் படத்தில் வரும் காந்தம். இது படத்தில் தெரிவது மாதிரி அவ்வளவு சுலபமில்லை. துகள் எவ்வளவு சிறிதோ அவ்வளவு குறைவாகத்தான் அதை இழுக்க முடியும். விட்டம் பத்தில் ஒன்றானால் இழுவிசை ஆயிரத்தில் ஒன்று. தூரமும் எதிரி. காந்தத்தைவிட்டு விலகிப் போகப் போக, தூரம் இரண்டு மடங்கானால் விசை பதினாறில் ஒரு பங்காகவோ அதைவிடக் குறைவாகவோ ஆகிவிடும். அதே நேரத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாம்பன் நீரோட்டத்தில் சின்ன நங்கூரத்தைப் போட்டால் வள்ளம் எப்படி நிற்காதோ, அப்படித்தான் பெரிய ரத்தக்குழாயில் இந்தத் துகளும் நிற்காது. ரத்தம் மெதுவாக ஊரும் நுண்குழாய்களில், தோலுக்குப் பக்கத்தில், காந்தத்தின் கீழேயே கட்டி இருந்தால் பிடிக்கலாம். ஈரலின் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு வெளியே வைத்த காந்தம் உதவாது.

மனிதரிடம் முதலில் செய்து பார்த்து 1996-இல் வெளியிட்டது பெர்லினில் ஆண்ட்ரியாஸ் லூபேயின் குழு. டாக்சோரூபிசினின் தம்பி மாதிரியான எபிரூபிசினைக் காந்தத் துகளில் ஒட்டி, வேறு சிகிச்சைக்குக் கட்டுப்படாத 14 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ பாதிப்பேருக்குத் துகள் கட்டியில் தங்கியது, மீதிப்பேருக்கு இல்லை. அந்த ஆய்வுக் கட்டுரையில் என்னை நிறுத்தியது வேறு. யாருக்குத் தங்கியது, யாருக்கு இல்லை என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? திசுவையும் சோதித்தார்கள், எம்.ஆர்.ஐ.யிலும் பார்த்தார்கள். மருந்தைச் சுமந்த அதே இரும்பு படத்திலும் தெரிந்தது. இழுப்பது பாதிப்பேரிடம் தோற்றது, பார்ப்பது தோற்கவில்லை. சித்தியின் கேள்விக்கான பதிலை முதன்முதலில் அங்கேதான் படித்தேன்.

காந்தம் இல்லாமலே துகள் தானாகக் கட்டிக்குள் போகும் என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் வளர்ந்தவை, ஓட்டை அதிகம், அதனால் கசிந்து உள்ளே தங்கும் என்பது 1986-இல் ஜப்பானில் மாட்சுமுராவும் மயேதாவும் சொன்னது. அது பொய்யில்லை. ஆனால் 2016-இல் டொரொண்டோவில் வாரன் சான் குழு முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பில் 0.7 சதவீதம்தான் என்று வந்தது. நூற்றில் ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் "நேராகக் கட்டிக்குப் போகும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எது போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு நோயாளியிடமும் பார்த்துச் சரிபார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதும் இந்த எண்ணிலேயே இருக்கிறது.

பார்ப்பது எப்படி நடக்கிறது? எம்.ஆர்.ஐ. படம் நம் உடம்புத் தண்ணீரின் ஹைட்ரஜனிலிருந்து வரும் சமிக்ஞை. ஸ்கேனர் தட்டிவிட்டதும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுபோலச் சுழன்று சமிக்ஞை தரும், பிறகு தாளம் தப்பி அடங்கும். இரும்புத் துகள் பக்கத்தில் இருந்தால் அதன் காந்தப்புலம் குறுக்கிட்டுச் சீக்கிரமே தாளத்தைக் கெடுத்துவிடும். அந்த இடம் படத்தில் கறுப்பாக விழும். இங்கே துளைக்கு இன்னொரு வேலையும் கிடைக்கிறது. கெட்டியான ஓடாக இருந்தால் தண்ணீர் இரும்பை நெருங்க முடியாது. துளை வழியாக நெருங்கும். மருந்து இருக்கும் அதே வழிதான்.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடத்தில் வரிசையாகச் சின்னக் குழாய்களில் அகர் கூழை ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரும்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போய் ஸ்கேனருக்குள் வைப்பார்கள். படத்தில் வட்டம் வட்டமாக, வெளுப்பிலிருந்து சாம்பலாகி, கடைசிக் குழாய் முழுக் கறுப்பாக இருக்கும். அகர் எதிலிருந்து வருகிறது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சித்தி பறித்த மரிக்கொழுந்து அகர் ஆலைக்குத்தான் போனது.

ஈரல் பிடித்துக்கொள்வதை ஒரு குறையாகச் சொன்னேன். அதையே பயனாக்கியவர்களும் உண்டு. ஃபெரிடெக்ஸ் என்ற இரும்புத் துகள் ஊசிக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஈரலின் காவல் செல்கள் அதை விழுங்க, நல்ல ஈரல் கறுத்துவிடும். அந்தச் செல்கள் இல்லாத புற்று மட்டும் கறுக்காமல் பளிச்சென்று தனியே தெரியும். பிறகு அதன் விற்பனை நின்றுவிட்டது. 2009-இல் வந்த ஃபெரூமாக்ஸிட்டால் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான இரும்பு ஊசி. உடம்பு அந்தத் துகளைப் பிரித்து இரும்பை ரத்தத்துக்கு எடுத்துக்கொள்கிறது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வருவதால் 2015-இல் அதற்கு எச்சரிக்கை கூட்டப்பட்டது. அதையும் எம்.ஆர்.ஐ.க்குப் பயன்படுத்துகிறார்கள்.

நம் சதுப்பு மணலில் நடக்கும்போது எனக்கு நினைவுக்கு வரும் இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். 1975-இல் ரிச்சர்ட் பிளேக்மோர், சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் தம் உடம்புக்குள் தாமே இரும்பு அடங்கிய மணிகளைக் கோத்து வைத்துக்கொண்டு பூமியின் காந்தப்புலத்தின் வழியே நீந்துவதை உலகுக்குச் சொன்னார். அவற்றுக்கு ஆக்சிஜன் குறைவான இடம்தான் பிடிக்கும். புற்றுக்கட்டியின் நடுப்பகுதியும் ஆக்சிஜன் குறைந்த இடம். 2016-இல் மான்ட்ரியாலில் சில்வெய்ன் மார்ட்டெல் குழு அந்தப் பாக்டீரியாவின் முதுகில் மருந்துப் பைகளை ஒட்டி, எலிகளின் கட்டிக்குள் செலுத்தியது. அந்தப் பாக்டீரியாக்களில் 55 சதவீதம் வரை உள்ளே புகுந்தன. காந்தம் அங்கே இழுக்கவில்லை, திசை மட்டும் காட்டியது. நீந்தியது பாக்டீரியா. மனிதருக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனாலும் படித்த அன்று சந்தோஷமாக இருந்தது.

மருந்தும் துளையும் காந்தமும் சேர்ந்த துகள் எதுவும் இன்று ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை. மார்பகப் புற்றுநோயில் வந்து சேர்ந்திருப்பது துளையும் மருந்தும் இல்லாத, பார்ப்பதற்கு மட்டுமான இரும்புத் துகள். அதுவே எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சித்தியின் கையை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷனில் கட்டியோடு கக்கத்து நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்தார்கள். நெறியில் பரவியிருக்கிறதா என்று தெரிய, எடுத்துப் பார்ப்பது காலங்காலமான முறை. எடுத்த எதிலும் புற்று இல்லை. நாங்கள் கும்பிட்டோம். ஆனால் நெறிகள் போனால் கையிலிருந்து நிணநீர் வடிய வழி குறைந்துவிடும். சில மாதத்தில் சித்தியின் வலது கை முழங்கைக்குக் கீழே வீங்கத் தொடங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழும், நிதானமாகத்தான் மேலே வரும். வளையலை வெட்டி எடுத்தோம். பாறையில் ஒரு கீறல் பட்டாலும் அந்தக் கை சிவந்து காய்ச்சல் வரும் என்பதால் கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். தொழில் அன்றோடு நின்றது.

எல்லா நெறியையும் எடுக்காமல், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு நெறியை மட்டும் கண்டுபிடித்து எடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. அவற்றில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டாம். அந்த முதல் நெறியைக் காட்டிக்கொடுக்க நீலச் சாயமும் கதிரியக்க டெக்னீசியமும் போடுவது வழக்கம். சாயம் மட்டும் வைத்தும் செய்கிறார்கள், இரண்டும் சேர்ந்தால் தவறுவது குறையும். ஆனால் டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். அணு மருத்துவப் பிரிவு பக்கத்தில் இருந்தால்தான் முடியும். எங்கள் கரையிலிருந்து அது வெகுதூரம்.

இரும்புத் துகள் இந்த இடத்தில்தான் உதவுகிறது. மேக்ட்ரேஸ் என்ற பெயரில் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஊசி, சர்க்கரைப் பொருள் பூசிய இரும்பு ஆக்சைடு. மார்பில் போட்டால் நிணநீரோடு போய் முதல் நெறியில் தங்கும். அது தேயாது, சில நாள் முன்பே போட்டுவைக்கலாம். ஆபரேஷனில் பேனா மாதிரி ஒரு கருவியைக் கக்கத்தில் நகர்த்தினால், இரும்பு இருக்கும் நெறிக்கு மேலே வரும்போது சத்தம் கூடும். அந்த நேரத்தில் இரும்புக் கத்தரி, கவ்வி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு பிளாஸ்டிக் கருவியால் திசுவை விலக்குவார்கள், இல்லாவிட்டால் கருவி அவற்றைப் பார்த்தே கத்தும். வெட்டித் திறந்தால் நெறி பழுப்புக் கறுப்பாக இருக்கும், கண்ணுக்கே தெரியும். கதிரியக்கம் கிடையாது. ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. அணு மருத்துவப் பிரிவு இல்லாத ஊரிலும் இதைச் செய்யலாம் என்பதால்தான் இது இங்கே வர வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விலை இன்னும் நம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தோதாக இல்லை. ஆனால் இரும்பு உப்பும் அம்மோனியாவும் விலை உயர்ந்த சரக்கா? தரமும் சோதனையும்தான் செலவு. அதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் காரைக்குடியிலேயே இருக்கிறார்கள்.

இதைப் படிப்பவர்கள் யாராவது அந்த ஊசியைப் போட்டுக்கொள்ள நேர்ந்தால் இரண்டு விஷயம். ஊசி போட்ட இடத்தில் தோல் பழுப்பாகி மாதக்கணக்கில் இருக்கலாம், பயப்பட வேண்டாம். இரண்டாவதுதான் முக்கியம். மீந்த இரும்பு மார்பில் வெகுநாள் தங்கி, பின்னால் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாக விழுந்து படத்தை மறைக்கும். ஊசி போட்ட தேதியையும் எந்தப் பக்கம் என்பதையும் ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஸ்கேனுக்குப் போகும்போது, படுக்கும் முன்பே அந்த டெக்னீஷியனிடம் காட்டிவிடுங்கள்.